வானொலி நிலையம் நுழையாத டயோடு ரிசீவர்: படிப்படியாகச் செய்யும் முறை

வைஃபை ரவுட்டர், மொபைல், கம்பியில்லாத் தொலைபேசி, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் வெளியிடும் அலைகளைக் காதால் கேட்க ஒரு டயோடும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும் போதும். வரைபடத்தைப் பார்த்தால் பத்து நிமிட வேலை போலத் தெரியும். செய்து முடித்து இயர்போனை மாட்டினால் ரவுட்டருக்குப் பதிலாக யாரோ செய்தி வாசிப்பது கேட்கும். மீடியம் வேவ் ஒலிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் வேறு எதுவுமே கேட்காது.

இந்த வழிகாட்டி அந்தச் சிக்கலை மையமாக வைத்து எழுதியது. வேலையின் வரிசையை மாற்ற வேண்டாம். காதுப் பக்கத்தில் தொடங்கி ஆன்டெனாவை நோக்கிப் போகிறோம். ஏன் அப்படி என்பது முதல் பகுதியிலேயே விளங்கும்.

1. நிலையம் எந்த வழியாக உள்ளே வருகிறது

டயோடுக்கு அலைவரிசை தெரியாது. தன்னிடம் வரும் எந்த அலையாக இருந்தாலும் அதன் வீச்சு (அலையின் உயரம்) ஏறி இறங்குவதை மட்டும் ஒலியாக மாற்றித் தரும். ஏஎம் ஒலிபரப்பு குரலை வீச்சிலேயே ஏற்றி அனுப்புவதால் டயோடு அதைத் தெளிவாகப் பிரித்துக் கொடுத்துவிடும். எஃப்எம் ஒலிபரப்பில் வீச்சு மாறுவதில்லை. அதனால் இங்கே அதன் தொல்லை குறைவு. நாம் தடுக்க வேண்டியது முக்கியமாக 1 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய மீடியம் வேவையும், 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஷார்ட் வேவையும்.

நிலையம் உள்ளே வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆன்டெனா வழியாக நாம் வைத்த டயோடுக்கு வருவது. இதை அடைப்பது எளிது. நாம் கேட்க விரும்பும் வைஃபை அலையின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 1 மெகாஹெர்ட்ஸுக்கும் 2400 மடங்கு இடைவெளி இருக்கிறது. ஒரு சின்ன கெபாசிட்டரும் மூன்று சுற்றுக் காயிலும் அந்த வேலையை முடித்துவிடும்.

இன்னொன்றைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆம்ப்ளிஃபயர் ஐசிக்குள் இருக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் நுழைவிலும் ஒரு டயோடு சந்தி இருக்கிறது. இயர்போன் ஒயர் ஒரு மீட்டருக்கு மேல் நீளம். மீடியம் வேவுக்கு அது நம்முடைய 3 சென்டிமீட்டர் ஆன்டெனாவைவிட எவ்வளவோ நல்ல ஆன்டெனா. அந்த ஒயர் பிடித்த அலை ஐசிக்குள் போய் அங்கேயே குரலாக மாறுகிறது. இது தெரியாமல் டயோடை மாற்றுவார்கள், ஆன்டெனாவைக் குறைப்பார்கள், ஃபில்டர் மேல் ஃபில்டராகச் சேர்ப்பார்கள். நிலையம் போகாது, ஏனென்றால் அது அந்தப் பக்கமாக வரவே இல்லை.

அதனால்தான் முதலில் ஆம்ப்ளிஃபயரைத் தனியாகக் கட்டி அமைதியாக்க வேண்டும். அப்புறம்தான் டயோடு.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆம்ப்ளிஃபயருக்கு:
- எல்எம்386 ஐசி ஒன்று
- 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இரண்டு, 220 மைக்ரோஃபாரட் இரண்டு
- 100 நானோஃபாரட் இரண்டு, 47 நானோஃபாரட் ஒன்று, 10 நானோஃபாரட் ஒன்று, 2.2 நானோஃபாரட் ஒன்று
- 10 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 2.2 கிலோ ஓம் ஒன்று
- 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல்
- இயர்போன் சாக்கெட், சுவிட்ச், 9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப்
- ஒயரில் கவ்வும் ஃபெரைட் ஒன்று

டயோடு பகுதிக்கு:
- 1என்5711 ஷாட்கி டயோடு. இரண்டு மூன்று வாங்கி வையுங்கள்
- 2.2 பிக்கோஃபாரட் செராமிக் கெபாசிட்டர், 100 பிக்கோஃபாரட் செராமிக்
- 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் அல்லது செராமிக் கெபாசிட்டர்
- அரை மி.மீ. தடிமன் எனாமல் செப்புக் கம்பி ஒரு சாண்
- 1 மி.மீ. செப்புக் கம்பி, 5 செ.மீ.

இவற்றோடு மூடியுள்ள ஓர் உலோகப் பெட்டி, செப்புப் பூச்சுள்ள வெற்று பிசிபி அட்டை, 3 மி.மீ. டிரில் பிட், மல்டிமீட்டர், கூர்மையான முனையுள்ள சால்டரிங் அயர்ன் வேண்டும்.

பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) வேண்டாம். அதில் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு இடையிலேயே சில பிக்கோஃபாரட் இருக்கும். நாம் வைக்கப்போகும் கெபாசிட்டரே 2.2 பிக்கோஃபாரட்தான். பலகை நம் கணக்கை அழித்துவிடும்.

டயோடு பற்றி ஒரு வார்த்தை. பவர் சப்ளைகளில் வரும் 1என்4007 இதற்கு உதவாது. அதன் சந்திக் கெபாசிட்டன்ஸ் அதிகம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை டயோடைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 1என்4148-உம் இந்த அலைவரிசைக்குச் சுமார்தான். கிரிஸ்டல் ரேடியோவுக்குப் பேர்போன 1என்34ஏ ஜெர்மானியம் டயோடு மீடியம் வேவுக்கு அருமையானது. நாம் கேட்கக் கூடாததைத்தான் அது நன்றாகக் கேட்கும். எச்எஸ்எம்எஸ்-2860 போன்ற மைக்ரோவேவ் டயோடு கிடைத்தால் 1என்5711-ஐவிட நல்லது. ஆனால் அது மிகச் சிறிய எஸ்எம்டி, அதாவது நீளக் கால்கள் இல்லாமல் அட்டைமேல் நேராகச் சால்டர் செய்யும் பாகம். சால்டர் செய்து பழகிய கைக்கே சரிப்படும்.

3. பெட்டி முதலில்

பெட்டியைக் கடைசிக்கு ஒத்திப்போடுவது வழக்கம். இங்கே பெட்டி வெறும் உறை இல்லை, சர்க்யூட்டின் ஒரு பாகம். அது கவசம், கூடவே ஆன்டெனாவின் மறுபாதியும் அதுதான்.

மேல்பக்கம் குறைந்தது 6 செ.மீ. நீளமும் அகலமும் இருக்கட்டும். நடுவில் 6 மி.மீ. துளை ஒன்று ஆன்டெனாவுக்கு. பக்கவாட்டில் இயர்போன் சாக்கெட், வால்யூம், சுவிட்ச் ஆகியவற்றுக்குத் துளைகள். இயர்போன் சாக்கெட் ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

பெயின்ட் அல்லது வார்னிஷ் பூசிய பெட்டி என்றால், மூடி உட்காரும் விளிம்பையும், கன்ட்ரோல்கள் தொடும் இடங்களையும் சுரண்டி உலோகம் தெரியும்படி செய்யுங்கள். மூடியும் பெட்டியும் மின்சாரமாகத் தொடர்பில் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். பெயின்ட் மேல் உட்கார்ந்த மூடி பார்வைக்கு மூடியிருக்கும், ரேடியோ அலைக்குத் திறந்தே இருக்கும்.

பேட்டரியும் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். அடாப்டர் பயன்படுத்தாதீர்கள். அதன் ஒயர் வீட்டு வயரிங்கோடு சேர்ந்து பெரிய மீடியம் வேவ் ஆன்டெனாவாகிவிடும். அடாப்டரின் சொந்த இரைச்சலும் கூடவே வரும். எல்எம்386 சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 4 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். ஒரு 9 வோல்ட் பேட்டரி நீண்ட நேரம் தாங்கும்.

4. ஆம்ப்ளிஃபயரைக் கட்டுதல்

செப்பு அட்டையின் செப்புப் பரப்பு முழுவதையும் கிரவுண்டாக, அதாவது பேட்டரியின் மைனஸோடு சேரும் பொது இணைப்பாக, வைத்துக்கொள்ளுங்கள். ஐசியைத் தலைகீழாக, கால்கள் மேலே தெரியும்படி அட்டையில் ஒட்டி, பாகங்களைக் கால்களிலேயே நேராகச் சால்டர் செய்யலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் கிரவுண்டு இணைப்பு எல்லாம் மிகக் குட்டையாக அமையும், இந்த வேலைக்கு அதுதான் முக்கியம். தலைகீழாக வைக்கும்போது கால்களின் எண் வரிசை இடம் வலமாக மாறிவிடும். ஒரு பேனாவால் முதல் காலைக் குறித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இணைப்புகள் இப்படி:

4-ஆம் காலும் 2-ஆம் காலும் கிரவுண்டுக்கு. 6-ஆம் கால் சுவிட்ச் வழியாக பேட்டரியின் பிளஸுக்கு. அந்த 6-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 220 மைக்ரோஃபாரட், அதனுடன் ஒரு 100 நானோஃபாரட். பெரிய கெபாசிட்டர் உயர் அலைவரிசையில் சரியாக வேலை செய்யாது; சின்னது அதை ஈடுகட்டும். அதனால் சின்னதைக் காலுக்கு ஒட்டியே வையுங்கள்.

1-க்கும் 8-க்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட், பிளஸ் முனை 1-ஆம் காலில். இது பெருக்கத்தை 20-இலிருந்து 200-க்கு உயர்த்தும். 7-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு மற்றொரு 10 மைக்ரோஃபாரட்.

5-ஆம் கால் வெளியீடு. அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 47 நானோஃபாரட்டும் தொடராக. இதை விட்டுவிட்டால் ஐசி தானாகவே உயர் அலைவரிசையில் ஊசலாடும், காரணம் தெரியாத இரைச்சல் வரும். பிறகு 5-ஆம் காலிலிருந்து இரண்டாவது 220 மைக்ரோஃபாரட், அதன் மைனஸ் முனையிலிருந்து ஒரு 10 ஓம், அது இயர்போன் சாக்கெட்டுக்கு. ஸ்டீரியோ இயர்போன் என்றால் இடது, வலது முனைகளைச் சேர்த்துக் கட்டுங்கள்.

சாக்கெட்டின் முனையிலேயே, அங்கேயே, 10 நானோஃபாரட்டைக் கிரவுண்டுக்கு வையுங்கள். இயர்போன் ஒயர் பிடித்துக்கொண்டு வரும் மீடியம் வேவுக்கு வாசலிலேயே போடும் தடுப்பு இது. அட்டைக்குக் கொண்டுவந்து அங்கே வைத்தால் பாதிப் பயன்தான், ஏனென்றால் அதற்குள் அலை பெட்டிக்குள் வந்துவிட்டது.

நுழைவுப் பக்கம்: வால்யூம் கன்ட்ரோலின் ஒரு முனை கிரவுண்டுக்கு. நடு முனையிலிருந்து 2.2 கிலோ ஓம், அது 3-ஆம் காலுக்கு. 3-ஆம் காலிலிருந்து 4-ஆம் காலுக்கு 2.2 நானோஃபாரட், கால்களை முடிந்த அளவு வெட்டி. இந்த ஜோடி 33 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைக் குறைக்கத் தொடங்கும். 1 மெகாஹெர்ட்ஸில் வோல்ட்டேஜ் முப்பதில் ஒரு பங்காகிவிடும். காதுக்குக் கேட்கும் ஒலிக்கு எந்த இழப்பும் இல்லை.

5. ஆம்ப்ளிஃபயரை அமைதியாக்குதல்

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மொத்த வேலையின் வெற்றி தோல்வி இங்கேதான் முடிவாகிறது.

முதல் சோதனை. 3-ஆம் காலைக் குட்டைக் கம்பியால் நேராக 4-ஆம் காலுக்கு இணையுங்கள். பேட்டரியை மாட்டி, சத்தம் எப்படி வருகிறது என்று பார்த்த பிறகே இயர்போனைக் காதில் வையுங்கள். 200 மடங்கு பெருக்கத்தில் ஒரு தவறான இணைப்பு காதைப் பதம் பார்த்துவிடும். இப்போது மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் கேட்க வேண்டும்.

குரலோ பாட்டோ கேட்டால், அது நுழைவு வழியாக வரவில்லை என்பது உறுதி, நுழைவைத்தான் அடைத்துவிட்டோமே. இயர்போன் ஒயரைக் கையால் பிடித்து நகர்த்திப் பாருங்கள். குரல் கூடிக் குறைந்தால் ஒயர்தான் வழி. ஒயரைச் சாக்கெட்டுக்கு ஒட்டிய இடத்தில் ஃபெரைட்டுக்குள் மூன்று நான்கு முறை சுற்றி மூடுங்கள். ஒரே முறை நுழைத்து மூடினால் மீடியம் வேவில் அதன் தடை மிகக் குறைவு. சுற்று எண்ணிக்கை இரண்டு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் சுற்றுதான் முக்கியம், ஃபெரைட்டின் விலை அல்ல.

இரண்டாவது சோதனை. 3-ஆம் காலில் போட்ட கம்பியை எடுத்துவிட்டு, வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனையை (இதுவரை எதிலும் சேராத மூன்றாவது முனையை) கிரவுண்டுக்கு இணையுங்கள். வால்யூமை முழுவதும் ஏற்றி, இறக்கி, நடுவில் நிறுத்திக் கேளுங்கள். நடுவில்தான் கன்ட்ரோலின் தடை அதிகம். குறை இருந்தால் அங்கேதான் வெளிப்படும். குரல் வந்தால், கன்ட்ரோலுக்கும் ஐசிக்கும் இடையிலுள்ள ஒயரைக் குட்டையாக்குங்கள். கன்ட்ரோலின் உலோக உடல் பெட்டியைத் தொடுகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, பெட்டிக்குள் வைத்து மூடியபடி அதே சோதனை. அட்டையின் கிரவுண்டைப் பெட்டியோடு ஆன்டெனாத் துளைக்கு அருகில் அகலமான பட்டையாலோ தடித்த கம்பியாலோ இணையுங்கள். கையில் இருக்கும் மெல்லிய நீளமான ஒயர் அதற்குப் போதாது.

மூன்றிலும் 'ஸ்ஸ்' மட்டும்தான் கேட்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம். கேட்காத வரை டயோடைக் கையில் எடுக்க வேண்டாம்.

6. தடுப்புக் காயிலும் சின்ன கெபாசிட்டரும்

ஆன்டெனா வழியாக வரும் நிலையத்தைத் தடுப்பது இந்த இரண்டு பாகங்கள்தான். ஆன்டெனாவிலிருந்து 2.2 பிக்கோஃபாரட் தொடராக வருகிறது. அது முடியும் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு காயில். அதே புள்ளியில்தான் டயோடும் சேரும்.

கணக்கைப் பார்த்துவிடலாம். 2.2 பிக்கோஃபாரட் 1 மெகாஹெர்ட்ஸுக்குக் காட்டும் தடை சுமார் 72 கிலோ ஓம், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெறும் 30 ஓம். காயில் நேர் எதிர். 25 நானோஹென்றி காயில் 1 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.16 ஓம், அதாவது கிட்டத்தட்ட ஷார்ட். 2.4 கிகாஹெர்ட்ஸில் அதுவே சுமார் 380 ஓம். ஆக மீடியம் வேவ் 72 கிலோ ஓமைத் தாண்டி வந்து, வந்த இடத்தில் கிரவுண்டுக்கு இறங்கிவிடுகிறது. டயோடுக்கு எதுவும் மிஞ்சாது. வைஃபை அலை கெபாசிட்டரைச் சுலபமாகக் கடந்து, காயிலைப் பொருட்படுத்தாமல் டயோடுக்குப் போகிறது.

காயில் சுற்ற: எனாமல் கம்பியை 3 மி.மீ. டிரில் பிட் மேல் மூன்று சுற்று சுற்றி, மொத்த நீளம் 2.5 மி.மீ. வரும்படி லேசாகப் பிரித்து வையுங்கள். முனைகளில் எனாமலைச் சுரண்டிச் சால்டர் பூசுங்கள். சுரண்டாமல் விடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. இணைந்தது போலவே தெரியும், இணைந்திருக்காது, தடுப்பும் இருக்காது. சால்டர் செய்த பிறகு காயிலின் இரு பக்கமும் மல்டிமீட்டரால் தொடர்ச்சியைப் பாருங்கள்.

சுற்றுகளை அதிகமாக்கினால் தடுப்பு பலமாகும் என்று சிலர் பத்துப் பதினைந்து சுற்று சுற்றுகிறார்கள். காயில் பெரிதானால் கீழ் அலைவரிசைக்கு அதன் தடை கூடும், ஷார்ட் பலவீனமாகும். அதாவது நிலையத்துக்குக் கதவு திறக்கும்.

பல வரைபடங்களில் இந்தக் காயில் இருக்கும் இடத்தில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். டயோடுக்கு நேர்மின்னோட்டப் பாதை வேண்டும் என்பதற்காக அதை வைத்திருப்பார்கள். ரெசிஸ்டர் எல்லா அலைவரிசைக்கும் ஒரே மாதிரி. 1 மெகாஹெர்ட்ஸ் அலையில் எட்டில் ஒரு பங்கு அப்படியே டயோடுக்குப் போய்விடும். காயில் அந்த நேர்மின்னோட்டப் பாதையையும் தருகிறது, நிலையத்தையும் அடைக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்கே பாதிச் சிக்கல் தீரும்.

கால்களின் நீளத்தில் கஞ்சத்தனம் காட்டுங்கள். ஒரு மி.மீ. கம்பி ஏறத்தாழ 1 நானோஹென்றி. கெபாசிட்டரின் காலை 1 செ.மீ. விட்டுவிட்டால் அதுவே 10 நானோஹென்றி, 2.4 கிகாஹெர்ட்ஸில் 150 ஓம். வர வேண்டிய அலைக்கு நாமே வேலி போட்டதாகிவிடும்.

7. டயோடும் அதற்கான சின்ன மின்னோட்டமும்

1என்5711-இன் கேத்தோடு, அதாவது கோடு போட்ட முனை, காயிலும் 2.2 பிக்கோஃபாரட்டும் சேரும் புள்ளியில். ஆனோடு முனையிலிருந்து கிரவுண்டுக்கு 100 பிக்கோஃபாரட், மிகக் குட்டைக் கால்களோடு. டயோடைக் கடந்து வரும் மிச்ச உயர் அலையை இது இறக்கிவிடும். அதே ஆனோடிலிருந்து 100 நானோஃபாரட் வழியாக வால்யூம் கன்ட்ரோலின் மேல்முனைக்கு. சோதனைக்காக அங்கே போட்டிருந்த கிரவுண்டு இணைப்பை எடுத்துவிட மறக்காதீர்கள்.

1என்5711 மிகச் சிறிய சிக்னலுக்குத் தானாக விழிக்காது. அதற்கு ஒரு சின்ன பயாஸ் மின்னோட்டம் (டயோடைத் தயார் நிலையில் வைக்க எப்போதும் ஓடும் மின்னோட்டம்) கொடுத்தால் கேட்கும் திறன் கண்கூடாக உயரும். பேட்டரி பிளஸிலிருந்து இரண்டு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக டயோடின் ஆனோடுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் நடுப் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட். டயோடு வழியாகச் சுமார் 9 மைக்ரோஆம்பியர் ஓடி, காயில் வழியாகக் கிரவுண்டுக்குப் போகும்.

ஒரே ரெசிஸ்டராக வைத்துவிட்டு 1 மைக்ரோஃபாரட்டை விட்டுவிட்டால், ஆம்ப்ளிஃபயர் பேட்டரியில் உண்டாக்கும் ஏற்ற இறக்கம் டயோடுக்குத் திரும்பி வந்து 'டுப் டுப்' என்ற ஊசலாட்டம் கேட்கலாம். நடுப் புள்ளிக் கெபாசிட்டர் அதற்காகத்தான்.

இப்போது மல்டிமீட்டரால் ஆனோடுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலான வோல்ட்டேஜைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 வோல்ட் வரை இருந்தால் டயோடு, காயில், பயாஸ் மூன்றும் சரி. பல வோல்ட் காட்டினால் டயோடு திரும்பி இருக்கிறது, அல்லது காயில் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யம் என்றால் டயோடு ஷார்ட், அல்லது பயாஸ் வரவில்லை. இந்த ஓர் அளவீடு நிறையத் தேடலை மிச்சப்படுத்தும்.

கண்ணாடி உடல் டயோடு இது. காலை வளைக்கும்போது உடலை ஒட்டி வளைத்தால் விரிசல் விடும், 2 மி.மீ. தள்ளி மூக்குக் குறடால் பிடித்து வளையுங்கள்.

8. ஆன்டெனா

1 மி.மீ. செப்புக் கம்பியில் 30 மி.மீ. போதும். 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 12.5 செ.மீ.; அதில் கால் பங்கு 31 மி.மீ. பெட்டியின் மேல்பரப்பு மீதிப் பங்கைச் செய்யும்.

கம்பியின் கீழ் முனையை 2.2 பிக்கோஃபாரட்டில் நேராகச் சால்டர் செய்து, பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போட்ட துளை வழியாக வெளியே நிமிர்த்துங்கள். டயோடு பகுதி துளைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். துளையிலிருந்து டயோடு வரை ஒயர் போட்டு இழுத்தால் அந்த ஒயரும் ஆன்டெனாவின் நீளத்தில் சேர்ந்துவிடும்.

சிக்னல் குறைவாக இருக்கிறதே என்று ரேடியோவிலிருந்து கழற்றிய நீட்டுக் கம்பி ஆன்டெனாவை மாட்டுவது பெரிய ஆசை. அதனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் பெரிய லாபம் இல்லை. கீழ் அலைவரிசைகளுக்குத்தான் அது லாபம். இந்த ரிசீவருக்குக் குட்டைக் கம்பிதான் முதல் ஃபில்டர்.

9. மூடிய பெட்டியில் முழுச் சோதனை

மூடியைப் போட்டு ரிசீவரை இயக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வைஃபை ரவுட்டரின் ஆன்டெனாவுக்கு 10 செ.மீ. அருகில் கொண்டுபோங்கள். யாரும் பயன்படுத்தாத நேரத்திலும் வினாடிக்குப் பத்து தடவை போல 'டிக் டிக்' கேட்கும். ரவுட்டர் தன் இருப்பை அறிவிக்க ஏறத்தாழ 102 மில்லிவினாடிக்கு ஒரு முறை அனுப்பும் துடிப்பு அது. ஒரு மொபைலில் வீடியோ ஓடவிட்டால் துடிப்போடு கரகரவென்ற பொரியல் சத்தமும் சேரும்.

இப்போது கடினமான சோதனை. ஆன்டெனாக் கம்பியை விரலால் தொடுங்கள். உங்கள் உடலே இப்போது மீடியம் வேவ் ஆன்டெனா. நிலையம் வரக் கூடாது. அடுத்து ஒரு மீட்டர் ஒயரைக் கம்பியில் முறுக்கித் தொங்கவிடுங்கள். அப்போதும் வரக் கூடாது. காயில் சரியாக வேலை செய்தால் இந்த இரண்டிலும் தேறிவிடும். மாலையிலும் இரவிலும் ஒருமுறை சோதியுங்கள். தொலைதூர மீடியம் வேவ் நிலையங்கள் பொழுது சாய்ந்த பிறகே பலமாக வரும்.

10. என்னென்ன கேட்கும்

பழைய ஜிஎஸ்எம் மொபைல் அழைப்பு 217 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் கேட்கும். டெக்ட் வகைக் கம்பியில்லாத் தொலைபேசியின் அடித்தளம் வினாடிக்கு 100 துடிப்பு. தொடர்ச்சியான முரட்டு ஊதல் போல இருக்கும். ஓடும் மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால், மின் விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் கனத்த உறுமல். அடுப்பைத் திறந்து பார்க்கவோ கதவுப் பூட்டை ஏமாற்றவோ கூடாது. மூடிய அடுப்பின் மிகச் சிறிய கசிவே இதற்குத் தாராளம். விமான நிலைய ரேடார் பக்கத்தில் இருந்தால், அது சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் ஒரு குட்டிக் கீச்சு.

பேச்சோ தரவோ எதையும் இதனால் படிக்க முடியாது. அலை எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது என்பது மட்டும்தான் கேட்கும்.

தூரம் விஷயத்தில் ஏமாற்றம் வேண்டாம். சிறிய சிக்னலில் டயோடு தரும் வோல்ட்டேஜ் வந்த அலையின் திறனைப் பொறுத்தது. தூரம் இரு மடங்கானால் திறன் கால் பங்காகும், கேட்கும் வோல்ட்டேஜும் கால் பங்காகும். அதனால் பக்கத்தில் பலமாக ஒலிப்பது நாலு எட்டு தள்ளினால் மறைந்துவிடும். பல மூலங்கள் உள்ள அறையில் எது எங்கே இருக்கிறது என்று தேட இது வசதியே.

11. இன்னமும் நிலையம் கேட்டால்

பாகங்களை மாற்றத் தொடங்க வேண்டாம். முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள்.

பூஜ்யத்திலும் நிலையம் அதே அளவில் கேட்டால், அது வால்யூம் கன்ட்ரோலுக்குப் பிறகு நுழைகிறது. அதாவது இயர்போன் ஒயர், அல்லது சாக்கெட்டின் கிரவுண்டு. சாக்கெட்டில் உள்ள 10 நானோஃபாரட்டையும் ஃபெரைட் சுற்றுகளையும் பாருங்கள். வேறு இயர்போன் போட்டால் அளவு மாறினால் சந்தேகமே வேண்டாம்.

வால்யூமோடு சேர்ந்து குறைந்தால், அது கன்ட்ரோலுக்கு முன்னால். ஆன்டெனாக் கம்பியைக் கெபாசிட்டரிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய பிறகும் கேட்டால் டயோடிலிருந்து கன்ட்ரோலுக்கு வரும் ஒயர் நீளமாக இருக்கிறது, இல்லையேல் மூடி சரியாகத் தொடவில்லை. மூடியை அழுத்திப் பிடித்துப் பாருங்கள்.

கழற்றியதும் நின்றுவிட்டால்தான் ஆன்டெனா வழி. அப்போது காயிலின் கிரவுண்டு முனையை மறுபடி சால்டர் செய்யுங்கள். 2.2 பிக்கோஃபாரட் என்று நினைத்து வைத்தது உண்மையில் எது என்றும் பாருங்கள். செராமிக் கெபாசிட்டரில் '222' என்று இருந்தால் அது 2.2 நானோஃபாரட், ஆயிரம் மடங்கு. இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது.

மொபைல் ரீங்காரத்தையும் இதே முறையில் சந்தேகியுங்கள். ஜிஎஸ்எம் துடிப்பு பலமானது, ஆம்ப்ளிஃபயருக்குள் நேராகவே புகும். ஆன்டெனாவைக் கழற்றியும் அது அப்படியே கேட்டால், நீங்கள் கேட்பது டயோடு சொல்வதை அல்ல; கவசத்தில் ஓட்டை இருக்கிறது.

எல்லாம் அடங்கிய பிறகு மற்ற அலைவரிசைகளுக்குப் போகலாம். 1800 மெகாஹெர்ட்ஸுக்கு 40 மி.மீ. கம்பி, 900-க்கு 80 மி.மீ. காயிலையும் கெபாசிட்டரையும் மாற்ற வேண்டியதில்லை. 900 மெகாஹெர்ட்ஸிலும் காயிலின் தடை 140 ஓம் அளவில் இருக்கும். கம்பியை மாற்றும் ஒவ்வொரு முறையும் விரல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.